டேங்குக்குப் பின்னால் ஒரு நட்டு

முதல்ல உங்க கையைக் காட்டுங்க தம்பி. அட, கூச்சப்படாதீங்க. வலது கை. ம்... நல்ல அகலக் கைங்க. விரல் மொளியெல்லாம் பெருசு. உங்க வீட்டுல அவங்களுக்கு எப்படி, சின்னக் கையா?

எதுக்குக் கேக்கறேன்னா, நீங்க கொண்டாந்த விமானப் படத்தைப் பார்த்தேன். நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. இறக்கை, வாலு எல்லாம் அம்சமா இருக்குது. ஆனா இந்தா, இங்கே பாருங்க. பெட்ரோல் டேங்குக்கும் மீட்டர் பலகைக்கும் நடுவால இருக்குதே, இந்த இடம். இதுக்குள்ள யார் கை போகும்? உங்க கை போகாது. யார் கையாவது போகட்டும்னு விட்டுட்டீங்களா, இல்ல ரோசனையே பண்ணலையா?

ஜெபமணி சார் பொழுதோட வந்துருவாருங்க. காத்து, எடை, இன்ஜின் அந்தக் கணக்கெல்லாம் அவர்கிட்டக் கேளுங்க. கதவுக்கு மட்டும் எங்கிட்டக் கேளுங்க. இந்தா நிக்குதே நம்ம விமானம், சுத்திப் பாருங்க. மூக்குல கதவு, வயித்துல கதவு, வாலுக்குப் போற கம்பிக்குக் கதவு. வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க. என்னங்கம்மா இது, றெக்கை வெச்ச அலமாரியாட்ட இருக்குதுன்னு. சிரிக்கட்டும். ஒண்ணைத் திறந்து பாருங்க. சும்மா திறங்க, அரைத் திருப்புத்தான். உள்ளே வெளிச்சம் போகுதா? நட்டு கண்ணுக்குத் தெரியுதா? கையும் போகுது, கண்ணும் போகுது. அவ்வளவுதான் வேணும்.

இதுக்கு முந்தி ஒண்ணு இருந்துச்சுங்க. அதுல பேருக்குக்கூட இத்தனாப்பல ஒரு கதவு கிடையாது.

அது எங்க வீட்டுக்காரர் பண்ணினது. கணபதிப் பக்கம் எங்களுக்கு மோட்டார் பம்புக் கம்பெனி இருந்துச்சு. நல்லா ஓடினதுங்க. ஆனா அவருக்கு மனசெல்லாம் மேலதான். சூலூர்ப் பக்கம் அவங்கம்மா ஊரு, அங்கே விமானப் படைத் தளம், சின்னதிலிருந்து தலைக்கு மேல விமானம் போறதையே பார்த்து வளர்ந்தவரு. ஜெபமணி சார் விமானப் படையில இன்ஜின் வேலை பார்த்துட்டு ஓய்வாகி வந்தவர். திருநெல்வேலிக்காரர், இங்கேயே வீடு கட்டிட்டார். கம்பெனிக்குப் பம்பு வாங்க வந்தவரைப் பேச்சுல பிடிச்சு உக்கார வெச்சு, அன்னைக்கு ஆரம்பிச்சது. அனுமதிக்கு அலைஞ்சு, சாமானுக்கு அலைஞ்சு, வருசக்கணக்காச்சு.

எங்க வீட்டுக்காரருக்கு எல்லாம் வழுவழுன்னு இருக்கணும். ஒரு ரிவெட்டுத் தலை வெளியே தெரியக் கூடாது. தகட்டுல கையை வெச்சு மூக்கிலிருந்து வாலு வரைக்கும் தடவிக்கிட்டே போவார். எங்கேயாவது விரல் தட்டுச்சுன்னா மறுக்கா பிரிச்சு அடிப்பார். முடிச்சு நிறுத்தினப்ப நெஜமாவே அழகுதாங்க. ஒரு பறவை உக்காந்த மாதிரி இருந்துச்சு.

டேங்குக்குப் பின்னால, அடியோரமா, பெட்ரோல் பைப்பு ஆரம்பிக்கற இடத்துல ஒரு நட்டு. இன்ஜின் அதிர்வுல அது தளரும். பறக்கறதுக்கு முந்தி கை வெச்சுப் பார்த்தே ஆகணும். ஆனா அதைத் தொடணும்னா டேங்கையே தூக்கணும். ஒரு நாள் வேலை. அவரும் விட்டுப் பார்த்தார், ஜெபமணி சாரும் விட்டுப் பார்த்தார், கை போகவே இல்லை. நான் டீ கொண்டுக்கிட்டு உள்ளே வர்றேன், அவர் என்னைப் பார்க்கலை, என் கையைப் பார்க்கறார். பார்த்துட்டு, "கண்ணு, கையைக் குடு"ன்னார்.

சீட்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக்கணுங்க. கால் வெளியே நீட்டியிருக்கும். கன்னம் தகட்டுல ஒட்டும், சில்லுன்னு. கையை மேலே விட்டு, டேங்கு ஓரமாத் திருப்பி, ஒரு ஒயர்க் கட்டுக்குப் பின்னால மடக்கினா, அங்கே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அங்கே வெளிச்சமே வராது. விரல்தான் பார்க்கணும். ஆறு பக்கமும் தடவி, பிடிச்சிருக்குதா, கசிவு இருக்குதா, நட்டு கழலாமக் கட்டற லாக் ஒயர் இறுக்கமா இருக்குதா. சின்ன ஸ்பேனர் ஒண்ணு எனக்குன்னே அறுத்துக் குடுத்தார். "பிடிச்சிருக்குது"ன்னு நான் உள்ளே இருந்து சொல்லுவேன். வெளியே அவர் என் காலைத் தட்டுவார். அப்படின்னா சரி, வெளியே வான்னு அர்த்தம்.

அதுக்கப்பறம் என் கை படாம அது எந்திரிச்சதே இல்லைங்க. கலியாணம் காச்சி எங்கே போனாலும் ஒறம்பரை, சொந்தக்காரங்ககிட்ட என் கையைத் தூக்கிக் காட்டுவார். "இந்தக் கை இல்லீன்னா நான் தரையிலதான்"னு. எனக்கு வெக்கமா இருக்கும். ஆனா பிடிக்கும். பொய் எதுக்குச் சொல்லணும், பிடிக்கும்.

ஜெபமணி சார் ஒரு தடவை சொன்னார். "அண்ணாச்சி, மீட்டர் பலகையில ஒரு கதவு வெட்டிருவோம். மைனி இல்லாத அன்னைக்கு என்ன செய்வீய?" அவங்க பக்கம் அண்ணியை மைனின்னுதான் சொல்வாங்க. எங்க வீட்டுக்காரர் என் மூஞ்சியைப் பார்த்தார். நான், "நான் எங்கே போகப் போறேன்?"னேன். எல்லாருந்தான் சிரிச்சோம். அதோட அந்தப் பேச்சு போச்சு.

நான் வேண்டாம்னு சொல்லலைங்க. அதை நீங்க கவனிக்கோணும். எங்கே போகப் போறேன்னுதான் கேட்டேன். அது வேற, இது வேற. விமானப் படையில இருந்த மனுசன், அவரில்ல கண்டிசனாச் சொல்லியிருக்கணும்? ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டார். அதை நான் பல தடவை அவர்கிட்டயே சொல்லியாச்சு. அவரும் ஆமாங்கறார்.

பிளாஸ்க்ல டீ இருக்குது, ஊத்திக்குங்க. மூடியை நீங்களே திறந்துக்குங்க தம்பி. நேத்துப் பனி எச்சு, இன்னைக்கு விரல் சித்தெ மடங்க மாட்டேங்குது. வேற ஒண்ணுமில்லை.

நான் சொல்ல வர்ற அந்த வருசமும் இப்படித்தான் கார்த்திகையில கொஞ்சம் இறுகுச்சு. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ச்சா விட்டுரும். அவர் கம்பெனிக்குப் போனதும் தேய்ச்சுக்குவேன். சொன்னா வீணாப் பயந்துக்குவாரு. அந்த நட்டு ஒண்ணும் பெரிய பாரம் இல்லைங்க. கையை வெளியே எடுக்கறப்பத்தான் லேசா ஒரு சுருக்.

அப்பறம் என் பொண்ணு சிந்துவுக்கு வயித்துல ரெட்டைக் கொழந்தை. ஓசூர்ல இருக்கறா. ஆஸ்பத்திரியில, வண்டி ஏறவே கூடாதுன்னுட்டாங்க. அவ வர முடியாததால நான் போனேன். தினம் போன்ல பேசுவார். "பறக்கறீங்களா?"ன்னு கேப்பேன். "நீ இல்லாம எப்படிக் கண்ணு? துணி போட்டு மூடி வெச்சிருக்கேன்"பார். எனக்கு அதைக் கேட்டாத்தான் அன்னைக்குச் சோறு இறங்கும்.

பொறந்த கொழந்தைகளுக்குக் குளிக்கத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கறப்ப ஜெபமணி சார் கூப்பிட்டார். "மைனி, கெளம்பி வாங்க"ன்னார். என்னன்னு கேட்டதுக்கும் "கெளம்பி வாங்க"தான்.

அன்னூர்ப் பக்கம் ஒரு மில்லுக்காரர் தன்னோட நிலத்துல ஓடுபாதை போட்டிருந்தார், அங்கதான் பறப்பாங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் தனியா எடுத்துக்கிட்டு எந்திரிச்சிருக்கார். பனைமர உசரம் தாண்டினதும் இன்ஜின் நின்னுருச்சு. ஓடுபாதைக்குத் திரும்ப வளைச்சிருக்கார். சோளக்காட்டுல போய் விழுந்துருச்சு. மில்லுக்காரரும் ஜெபமணி சாரும் ஓடிப் போய்த் தூக்கறப்ப உசுர் இல்லைங்க.

நான் என்ன நினைச்சேன்? எல்லாரும் நினைச்சதைத்தான். நான் இல்லை, நட்டைப் பார்க்க ஆளில்லை, பொறுக்க முடியாம எந்திரிச்சுட்டார், நட்டு கழண்டுருச்சு. எழவுக்கு வந்த பொம்பளைங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டே அழுவாங்க. இந்தக் கை இல்லாமப் போயிட்டாரேன்னு. நானும் அதையே சொல்லித்தான் அழுதேன். அப்படி நினைக்கறதுல... எப்படிச் சொல்றது... ஒரு இது இருந்துச்சுங்க. வயிறு எரியும். ஆனா அந்த எரிச்சலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்கார முடிஞ்சது.

விசாரணையெல்லாம் முடிஞ்சு, உடைஞ்சதை லாரியில கொண்டாந்து இதே ஷெட்டுல இறக்கினாங்க. மத்தியான நேரம். எல்லாரும் போனதுக்கப்பறம் நான் மட்டும் உள்ளே வந்தேன். மூக்கு நசுங்கி, ஒரு இறக்கை தனியாக் கிடக்குது. ஆனா டேங்கும் பலகையும் அப்படியே இருந்துச்சு. எனக்கு என்னமோ, அந்த நட்டைத் தொடணும். கழண்டு கிடக்கறதைத் தொட்டுப் பார்த்துட்டா தேவலாம்னு இருந்துச்சு.

பழையபடி மல்லாக்கப் படுத்தேன். கண்ணை மூடிக்கிட்டுக் கையை விட்டேன். கைக்கு வழி தெரியுமில்லீங்களா, அதுவே போச்சு. ஓரமாத் திரும்பி, ஒயர்க் கட்டுக்குப் பின்னால மடங்கி, நட்டைத் தொட்டுருச்சு.

இறுக்கமா இருந்துச்சுங்க. புது நட்டு. லாக் ஒயர் கட்டியிருந்துச்சு, நான் கட்டற மாதிரி இல்லை, வேற மாதிரி முறுக்கு. கண்ணைத் திறந்தேன். என் கை தெரிஞ்சுது. அந்த இடத்துல என் கையை நான் பார்த்ததே இல்லைங்க. அத்தனை வருசத்துல ஒரு நாள் பார்த்ததில்லை. என் விரல் மேல வெளிச்சம் விழுந்திருக்குது. அந்தப் பக்கத்திலிருந்து.

பலகையில ஒரு ஓட்டை. சதுரமா வெட்டி, மூலையெல்லாம் வளைச்சு, ஓரத்துக்கு அரம் போட்டு, வழுவழுன்னு. மூடியா ஒரு சின்னத் தகடு இருந்திருக்கும் போல, விழுந்ததுல பிச்சுக்கிட்டுப் போயிருக்குது, ரெண்டு திருகு மட்டும் நிக்குது. அவர் வேலைதான். வேற யாருக்கு அந்த ஓரம் வரும்? என் கையை வெளியே எடுத்து, அந்த ஓட்டை வழியா விட்டுப் பார்த்தேன். சும்மா போகுது. அவர் கையே தாராளமாப் போயிருக்கும்.

எவ்வளவு நேரம் அங்கே படுத்துக் கிடந்தேன்னு தெரியலை. யாராவது காலைத் தட்டினா எந்திரிக்கலாம்னு கிடந்தேன்.

தினம் போன்ல பேசினாருங்க. துணி போட்டு மூடியிருக்கேன்னார். கொழந்தை என்ன பண்ணுதுன்னார். இதைச் சொல்லலை. ஒரு வார்த்தை, "கண்ணு, கதவு வெட்டிட்டேன்"னு, சொல்லியிருந்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லப் போறேன்?

விசாரணைக்காரங்க அதுக்கப்பறம் எழுதி அனுப்பினது இதுதான். பெட்ரோல் பைப்பு வளைவுல, பில்ட்டருக்கு முன்னால, ஒரு அலுமினியச் சுருள் அடைச்சிருந்துச்சாம். தகட்டுல துளை போட்டா சுருண்டு வருமே, அது. நிதானமா ஓடறப்பப் பெட்ரோல் அதைத் தாண்டிக் கசிஞ்சு போயிரும். முழு வேகத்துல இழுக்கறப்பப் பத்தலை. நின்னுருச்சு.

அந்தச் சுருள் எங்கிருந்து வந்துதுன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனா கேக்கணும்னு இருந்துச்சு. ஜெபமணி சார் காரியத்துக்கப்பறம் எங்க வீட்டுப் பக்கமே வரலை. நானே ஒண்டிப்புதூருக்குப் போனேன். அவர் வீட்டம்மா வாசல்லயே சொன்னாங்க. "அன்னைக்கிலிருந்து தரையைப் பாத்தே நடக்காவ. மின்னுதது எதைக் கண்டாலும் குனிஞ்சு எடுத்துருதாவ." நான் போனப்ப ஒரு கிண்ணத்தைப் பக்கத்துல வெச்சு உக்காந்திருந்தார். அதுக்குள்ள ஊசி, குண்டூசி, மிட்டாய்க் காகிதம்.

"நீங்களும் கூட இருந்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"இருந்தேன் மைனி."

"யார் வெட்டச் சொன்னது?"

"அண்ணாச்சிதான்."

"நான் நாலு நாள் இல்லாததுக்கா? பொறுக்க முடியலையா அவருக்கு?"

தலையை ஆட்டினார். இல்லைன்னு. கிண்ணத்தைத் தள்ளி வெச்சார். அப்பறம் சொன்னார். "மைனிக்கு விரல் முடியலன்னாவ. 'கையை வெளிய எடுக்கும்போது மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிடுதா, நான் பாக்கலன்னு நினைக்கா'ன்னாவ. நீங்க ஓசூர்லேந்து வாரதுக்குள்ள முடிச்சு, பறந்து பாத்து, வந்ததும் காட்டணும்னு சொன்னாவ. இனிமே அவளைப் படுக்க வைக்கப்பிடாதுன்னாவ."

எனக்கு வலியே கிடையாதுன்னு சொன்னேன். ஜெபமணி சார் என் கையைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து மூடிக்கிட்டேன். இப்பவும் சொல்றேன், எனக்கு வலி இருந்ததில்லைங்க. பனிக்கு இறுகும், அவ்வளவுதான். அவர் தப்பாப் பார்த்துட்டார்.

"அப்ப அந்தச் சுருளு?"ன்னேன்.

"பைப்பு வாயைத் துணி வச்சு அடைச்சுட்டுத்தான் வெட்டுனோம். முடிச்சுட்டுக் காத்து பிடிச்சு ஊதுனோம். பழைய நட்டைக் கழட்டிப் புதுசு போடுத நேரம் மட்டுந்தான் வாய் திறந்திருந்தது. எங்கயோ டேங்கு மேல ஒண்ணு ஒட்டி இருந்திருக்கு மைனி. அது எப்ப விழுந்துதுன்னு இன்னும் தேடிக்கிட்டேதான் இருக்கேன்."

அந்த மனுசனை நான் வையலாம்னுதாங்க போனேன். கிண்ணத்தைப் பார்த்ததும் வைய முடியலை. "மறுக்கா ஒண்ணு பண்ணலாங்க"ன்னுட்டேன். நான் நினைச்சுக்கிட்டுப் போனது அது இல்லை, வாயில வந்துருச்சு. அவர் முடியாதுன்னுட்டார். நானும் விடலை. போய்க்கிட்டே இருந்தேன். ஒரு நாள் அவரே பஸ் ஏறி வந்து இந்த ஷெட்டுக் கதவைத் தள்ளிக்கிட்டு நின்னார்.

நீங்க குறிச்சுக்குங்க தம்பி. விமானத்தைப் பண்ணிட்டு அப்பறம் கதவு வெட்டக் கூடாது. கதவை வரைஞ்சுட்டு அப்பறம் விமானத்தை வரையணும். நாங்க என்ன பண்ணினோம், எதெதுக்குக் கை போகணும், எதெதுக்குக் கண்ணு போகணும்னு முதல்ல பிரிச்சோம். நட்டு, பைப்பு, கம்பி, பேட்டரி, எல்லாத்தையும் இந்தத் தரையில அது அது இருக்க வேண்டிய இடத்துல பரப்பி வெச்சோம். அப்பறம் அதைச் சுத்தி அட்டையில ஒரு விமானம். நெசமான அட்டைதாங்க, பெட்டி அட்டை. கம்பெனியில வார்ப்படம் ஊத்தற மாரப்பனைக் கூப்பிட்டோம். அவர் கை முறம் மாதிரி இருக்கும். அவர் ஸ்பேனரோட கையை விட்டு அரை வட்டம் திருப்பணும். திருப்பறப்ப நட்டு அவர் கண்ணுக்கும் தெரியணும். தெரியலைன்னா அட்டையைக் கிழிச்சுப் பெருசு பண்ணு. மாரப்பன் கை போயிருச்சுன்னா ஊர்ல எல்லார் கையும் போகும். தகட்டுலயும் ஓட்டையெல்லாம் முதல்லயே வெட்டி, அரம் போட்டு, கழுவி, அப்பறந்தான் உள்ளே ஒரு பைப்பு வரலாம். பைப்பு வந்ததுக்கப்பறம் இந்த ஷெட்டுல யாரும் துளை போட்டதில்லை. ஜெபமணி சார் விட மாட்டார். அப்பப்ப முட்டி போட்டுக் கையாலயே தரையைத் துழாவுவார்.

கதவு வெச்சா எடை கூடுங்க. சுத்தி வலுவுக்குச் சட்டம் போடணும், கொக்கி போடணும். "மைனி, இதோட நிப்பாட்டுவோம். இவ்வளவு எடையோட ரெண்டாளு ஏற முடியாது"ன்னார். பழசுல எனக்குன்னு ஒரு சீட்டு இருந்துச்சு. பொழுதெறங்கறப்ப ரெண்டு பேரும் மேலே போனா நொய்யல் ஆறு வெள்ளிக் கம்பியாட்டத் தெரியும். நான் ரோசனை பண்ணவே இல்லை. "அந்த சீட்டை எடுத்துருங்க"ன்னேன். இப்ப ஒரு சீட்டுத்தான், பாருங்க.

செய்யறப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானத்துலதான் சிரமம். வெயிலுக்குத் தகடு டிக்கு டிக்குன்னு சத்தம் போடும். நான் அடுப்படியில இருந்து எந்திரிச்சு வந்துருவேன். கூப்பிட்ட மாதிரியே இருக்கும். வந்து நின்னா ஷெட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இத்தனை கதவும் மூடியிருக்கும். ஒண்ணொண்ணாத் திறந்து பார்ப்பேன். எதுக்குன்னு கேக்காதீங்க. எல்லாத்துக்குள்ளயும் வெளிச்சம் நல்லாப் போகும். ஒளிஞ்சுக்க இடமே இல்லாமப் பண்ணிட்டோம். மறுக்கா மூடிட்டுப் போயிருவேன்.

போன தையில பறந்து பார்த்தோம். அதே மில்லுக்காரர் ஓடுபாதை. காலையில காத்து இல்லை. அவர் வீட்டுல எல்லாரும் வந்திருந்தாங்க, சிந்துவும் கொழந்தைகளைத் தூக்கிக்கிட்டு வந்திருந்தா. ஜெபமணி சார்தான் ஓட்டணும், பழசுலயே அவரும் ஓட்டக் கத்துக்கிட்டிருந்தார். சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டியிருக்குது, அந்தக் குளிர்ல. ஏறப் போனவர் திரும்பி, "மைனி, நீங்க ஒருக்கா அந்த நட்டைப் பாத்துருங்க"ன்னார்.

"வேண்டாங்க. மாரப்பன் பார்க்கட்டும். யார் வேணும்னாலும் பார்க்கலாம்னுதானே பண்ணினோம்"னேன்.

மாரப்பன் கொக்கியைத் திருப்பினார். கையை விட்டார். பார்த்தார். "பிடிச்சிருக்குதுங்க"ன்னார். மூடினார். ஒரு வாய்த் தண்ணி குடிக்கற நேரங்கூட ஆகலை. யாரும் படுக்கலை, யாரும் கன்னத்தைத் தகட்டுல வெக்கலை. அவ்வளவு சுலபமா இருந்துச்சு.

இன்ஜின் எடுத்துச்சு. ஓடி, எந்திரிச்சு, பனைமரத்தைத் தாண்டுச்சு. நான் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறேன். சத்தம் ஒரே சீரா, எங்கேயும் தட்டலை. சோளக்காட்டுக்கு மேல வளைஞ்சு, சுத்தி, மறுக்கா சுத்தி, பஞ்சு மாதிரி வந்து உக்காந்துச்சு. எல்லாரும் கை தட்டறாங்க. மாரப்பன் துண்டை வீசறார். ஜெபமணி சார் இறங்கி, நேரா எங்கிட்ட வந்து, "ஒண்ணுமே செய்ய வேண்டாம் மைனி. அப்படியே நாளைக்கும் பறக்கலாம்"னார்.

அப்பத்தான் எனக்கு அழுகை வந்துருச்சுங்க. காரியத்தன்னைக்குக்கூட அப்படி அழலை. ஓடுபாதை ஓரத்துலயே உக்காந்துட்டேன். மில்லுக்காரர் வீட்டம்மா பக்கத்துல உக்காந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. "அழுதுருங்க. சந்தோசத்துல வர்ற அழுகை, அடக்கக் கூடாது"ன்னாங்க.

சும்மா இருந்த கையை மடியில வெச்சுக்கிட்டு, நானும் ஆமாங்கன்னு சொல்லிட்டேன்.